கடையை முதலில் வீட்டில் திறந்து பார்ப்போம்

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், கொழும்பிலிருந்து அக்கா ஒருவர் எமக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, உங்கட கடை வெள்ளையாக் கிடக்குது. ஒண்டும் தெரியேல்லை" என்றார்.

அவர் சொன்னது, இடம்பெயர்ந்து வந்த பன்னிரண்டு குடும்பங்களின் மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி என்பவற்றை விற்பதற்காக நாம் இணையத்தில் நடத்திவரும் சிறு கடையை. தபாற் செலவு கூடியதால் அன்று காலை கடையின் நிரலில், அதாவது கணனிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளில், ஒரேயொரு வரியைத் திருத்தியிருந்தோம். ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டிருந்த கடையிலேயே நேரடியாகத் திருத்தினோம். வரியின் முடிவில் இடவேண்டிய அரைப்புள்ளி விடுபட்டுவிட்டது. எமது கடை எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியில், அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் அந்தக் கோப்பு முழுவதுமே இயங்காது.

திருத்திய தம்பியோ தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தான். அங்கே கைத்தொலைபேசி வேலை செய்யாது. விளக்கு வைக்கும் நேரம் அவன் வந்து புள்ளியைப் போட்ட பின்னரே கடை திறந்தது. பொங்கலுக்கு முன் போய்ச் சேரவேண்டிய பொதிகளுக்கு அன்றுதான் கடைசி நாள். இடித்து வைத்த தூளில் ஒரு பகுதி மாசி மாதம் வரை சாக்கிலேயே கிடந்தது. அந்தக் குடும்பங்கள் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதுதான் எமக்குக் கூடுதலாகச் சுட்டது.

விதைநெல் வாங்கினால் நூறு மணியை எண்ணி, ஈரச்சாக்கில் சுற்றி, முளை பார்த்த பின்பே வயலுக்குக் கொண்டு போகிறவர்கள் நாம். கடை விடயத்தில் அதை மறந்துவிட்டோம்.

பெரிய இடங்களிலும் இப்படி நடப்பதுண்டு. வட அயர்லாந்தின் டெரி நகர நிறுவனமொன்றின் 'ரிப்பிரைசர் எக்ஸ்பிரஸ்' என்னும் மென்பொருள், அமேசான் தளத்தில் விற்கும் வியாபாரிகளுக்காக விலைகளைத் தானாகவே மாற்றிக் கொடுத்துவந்தது. 2014 டிசம்பர் 12 மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் அதில் ஏற்பட்ட கோளாறினால், பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான பொருட்களின் விலை ஒரு பென்னியாக விழுந்தது. நத்தார் வியாபார காலம். பெரும்பாலான கட்டளைகளை அமேசான் இரத்துச் செய்தபோதும், அனுப்பப்பட்டுவிட்ட பொருட்களும் இருந்தன. நட்டப்பட்டவர்களிற் பலர் குடும்பமாகச் சிறு வியாபாரம் செய்தவர்கள். மென்பொருளில் ஒரு மணிநேரம் இருந்த பிழையின் பாரம் அவர்கள் தலையில் விழுந்தது.

எமது கடை வெள்ளையான பின் நாம் செய்த முதல் வேலை, அதன் பிரதியொன்றை எமது பழைய கணனியிலேயே அமைத்ததுதான். இதற்கு 'எக்ஸாம்ப்' என்னும் இலவச மென்பொருள் தொகுப்பு உதவுகிறது. கடையை இயக்கும் அப்பாச்சி, கணக்குகளைச் சேமிக்கும் மரியா டிபி, பி.எச்.பி. ஆகிய மூன்றும் அதில் ஒன்றாகவே கிடைக்கின்றன. பட்டணத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். அதன் பின் எம்மைப்போல இணைப்புச் சரியாகக் கிடைக்காத இடத்திலும், டேட்டாவுக்கு ஒரு சதமும் செலவழிக்காமல் வேலை செய்யலாம். 'லோக்கல்ஹோஸ்ட்' என்று முகவரி கொடுத்தால் கடை திறக்கும். 127.0.0.1 என்ற இலக்கமும் அதையே குறிக்கும். இந்த முகவரி அந்தக் கணனியை விட்டு வெளியே போகாது. எத்தனை தரம் உடைத்தாலும் வாங்க வருபவருக்குத் தெரியாது.

பிரதி எடுக்கும்போது வாங்கியவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். சோதனைக் கடையிலிருந்து உண்மையான ஆட்களுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தால் பெரிய தலையிடி.

பிறகு வாங்குபவராக இருந்து பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் தபாற் செலவு மாறுமென்றால், சரியாக இரண்டு கிலோ, அதற்கு மேல் நூறு கிராம் என இரண்டு விதமாகவும் வாங்கிப் பாருங்கள். பிழை எப்போதும் வரம்பிலேதான் ஒளிந்திருக்கும். எண்ணிக்கையில் பூச்சியத்தை இடுங்கள். பெயரையும் முகவரியையும் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறினால் தரவுத்தளத்தின் எழுத்துமுறையைச் சரிசெய்ய வேண்டும். பணம் செலுத்தும் சேவைகள் பல, உண்மைப் பணம் நகராத சோதனைக் கணக்கைத் தருகின்றன. ஆனால் பணம் கிடைத்துவிட்டது என்று அவை அனுப்பும் அறிவித்தல் வீட்டுக் கணனியை வந்தடையாது. அதற்கு மாத்திரம் இணையத்தில் மறைவாக ஒரு சோதனைக் கடை வேண்டும்.

வீட்டில் சரியாக இருந்தது மேலே போனதும் பிழைப்பதுமுண்டு. எமது மிளகாய்ப் படம் அப்படித்தான் காணாமற் போயிற்று. விண்டோஸ் கணனி கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். கடைகள் பெரும்பாலும் இருக்கும் லினக்ஸ் சேர்வர் இரண்டையும் வேறாகப் பார்க்கும். பெயர்களைச் சிறிய எழுத்திலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறொன்று. பதிவேற்றும்போது திருத்திய கோப்புகளை மாத்திரம் ஏற்றுங்கள். வீட்டிலுள்ள தரவுத்தளத்தைக் கடையின் தரவுத்தளத்துக்கு மேல் ஒருபோதும் ஏற்றக்கூடாது. நீங்கள் வீட்டில் வேலை செய்த நாட்களில் வந்த கட்டளைகள் அனைத்தும் அழிந்துபோகும். காசு கட்டியவர் பொதிக்குக் காத்திருப்பார், உங்களிடமோ அவரது பெயர்கூட இராது. பழைய கோப்புகளை வேறாக எடுத்து வைத்துக்கொண்டு, வியாபாரம் குறைந்த இரவு வேளையில், திருத்தியவர் பக்கத்தில் இருக்கும்போதே ஏற்றுங்கள்.

ஏற்றியதும் உண்மைக் கடையில் உண்மைப் பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்கிப் பார்க்க வேண்டும். நாம் ஒவ்வொரு திருத்தத்தின் பின்பும் நூறு கிராம் மிளகாய்த்தூள் வாங்குகிறோம். இந்த மாதம் தபாற்காரர் மூன்று பொதிகளை எமது அலுவலகத்துக்கே கொண்டு வந்து தந்தார்.