கடலடியில் ஒலிக்கும் குட்டி உருளை

அகமதாபாத் விமான விபத்துக்குப் பிறகு கருப்புப் பெட்டியைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். அது ஆரஞ்சு நிறம் என்பதும் தீயைத் தாங்கும் என்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். இராஜபாளையம் வாசகி ஒருவர் கேட்டிருப்பது வேறு: விமானம் கடலில் விழுந்தால் பெட்டி கிடக்கும் இடம் எப்படித் தெரியும்?

1950-களில் ஆஸ்திரேலியாவின் டேவிட் வாரன் செய்த முதல் மாதிரி, விமானிகளின் பேச்சை எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரம் பதிவுசெய்தது. கடலடியில் தன் இடத்தைச் சொல்லும் வேலை பின்னாளில் சேர்ந்தது. அதற்கென்றே பெட்டியோடு கைக்குள் அடங்கும் ஓர் உருளையைப் பொருத்தினார்கள். தண்ணீர் பட்டதும் அது தானே விழித்துக்கொள்ளும். விநாடிக்கு ஒருமுறை 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். மனிதக் காதுக்கு எட்டாது, சோனாருக்குக் கேட்கும். பழைய வகையில் பேட்டரிக்கு உத்தரவாதம் 30 நாள்.

2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்து சென்ற கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் சிதம்பரம் கடற்பகுதியில் மறைந்தது. கப்பல்கள் சல்லடை போட்டுத் தேடின. கடைசியில் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக்கு அந்த ஒலி கேட்டது. ஜூலை 10 அன்று 'ஒலிம்பிக் கேன்யன்' என்ற கப்பல், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து பெட்டியை மேலே கொண்டுவந்தது. 32 நாள்!

மறு ஆண்டு ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 திரும்பவில்லை. அதில் நீருக்கடியில் ஒலிக்கும் உருளை இல்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டது 2024 ஜனவரியில். ஏழரை ஆண்டு அந்த 29 குடும்பங்களும் காத்திருந்தன. கைக்குள் அடங்கும் ஒரு பொருளுக்காக இப்படிக் காக்க வைத்தது கொடுமை. எந்தத் துறையின் விமானமானாலும், அது இல்லாமல் வங்கக்கடலைத் தாண்ட அனுமதிக்கவே கூடாது.

2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இன் பெட்டிகளை எடுக்க இரண்டு ஆண்டு ஆனது. அதன் பிறகுதான் பேட்டரியின் ஆயுள் 90 நாளானது, 8.8 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் இன்னொரு கருவியும் வந்தது. அதிர்வெண் குறையக் குறைய ஒலி தண்ணீரில் அதிகத் தொலைவு போகும். திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில், தள்ளியிருக்கும் தெருவுக்குத் தவிலின் 'தொம்' முதலில் வந்துசேரும். தாளத்தின் 'டிங்' கேட்க மேளம் பக்கத்தில் வரவேண்டும்.

ஆபத்து நேர்ந்ததும் நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏற்பாடு, புதிதாக வரும் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாகியிருக்கிறது. பன்னாட்டு விதி என்பதால் அது குடிமை விமானங்களோடு நின்றுவிடுகிறது. ராணுவ விமானங்களுக்கு அந்தந்த நாடுதான் முடிவெடுக்க வேண்டும்.