செயற்றிட்டம் வருகிறது: முதலில் யாரைக் கேட்பது?

செயற்றிட்ட முகாமைத்துவம் என்றால் அது கந்தோரில் இருப்பவர்களின் படிப்பு என்று எண்ணிவிடுகிறோம். பி.எம்.பி. என்னும் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் கற்கும் செயன்முறைகள் எமது குளத்துக்கும் வாய்க்காலுக்கும் அப்படியே பொருந்துவன.

இப்பரீட்சையை நடத்துவது, 1969 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட செயற்றிட்ட முகாமைத்துவ நிறுவகம். அதன் வழிகாட்டி நூலின் ஆறாம் பதிப்பு (2017) 49 செயன்முறைகளை ஐந்து தொகுதிகளாக வகுத்தது. பூநகரியில் சிறுகுளம் ஒன்றைத் திருத்துவதாக வைத்து அவற்றைப் பார்ப்போம்.

1. தொடக்கல் (2 செயன்முறைகள்): வேலை ஏன், யார் பொறுப்பு என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தல், அதனால் நன்மையோ தீமையோ அடையக்கூடிய அக்கறையுடையோரை இனங்காணல்.

2. திட்டமிடல் (24): அணைக்கட்டின் உயரம், துருசு, செலவு, காலபோக மழைக்கு முன் முடிக்கும் வழி, வரக்கூடிய இடர்கள் ஆகியவற்றைத் தீர்மானித்தல்.

3. நிறைவேற்றல் (10): ஆட்களைச் சேர்த்து, பொருட்களை வாங்கி, வேலையைச் செய்தல்.

4. கண்காணித்துக் கட்டுப்படுத்தல் (12): திட்டத்தோடு வேலையையும் செலவையும் ஒப்பிட்டுத் திருத்துதல்.

5. முடித்தல் (1): கணக்கை முடித்து, குளத்தைக் கமக்காரர் அமைப்பிடம் முறையாகக் கையளித்தல்.

பரீட்சைக்குப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை படிக்கட்டுப்போல ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் வருவதில்லை. கண்காணிப்பு முதல்நாள் தொடங்கி இறுதிநாள் வரை உடன்வரும். மழை முந்தினால் மீண்டும் திட்டமிட வேண்டும்.

தொடக்கலில் இரண்டே செயன்முறைகள்தான். அவற்றுள் ஒன்று அக்கறையுடையோரை இனங்காணல் என்பதை எண்ணிப் பாருங்கள். இதன் பெறுமதியைக் கிளிநொச்சி மக்கள் அறிவர். யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் கடன் அங்கீகரித்தது. இரணைமடுக் குளத்திலிருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுசெல்வதே முதல் எண்ணம். சிறுபோகத்துக்கே நீர் போதாது என்று விவசாயிகள் எதிர்த்தனர். குடிநீர் கேட்டவர்களின் தேவையும் உண்மையானது. விவசாயிகளின் அச்சமும் உண்மையானது. முடிவில் நீர்மூலமே மாற்றப்பட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில்தான் திறக்கப்பட்டது. கடன் அங்கீகரித்து 14 ஆண்டுகள் சென்றுவிட்டன.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு முக்கிய பாடம் உண்டு. குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவர் முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருக்கலாம். கூட்டம் நடக்கும் நாளில் அவர் ஊரில் இல்லை என்பதற்காக அவருடைய பங்கு இல்லாமற் போவதில்லை. ஆனால் அவர் பெயர் தொடக்கத்திலேயே பட்டியலில் ஏறாவிட்டால், துருசு எங்கே, வாய்க்கால் எந்தக் காணி வழியே என்பவை அவரின்றியே தீர்மானமாகிவிடும். கட்டிய வாய்க்காலைப் பின்னர் மாற்றுவது கடினம்.

ஆகவே, உங்கள் ஊரில் செயற்றிட்டம் பற்றிய கூட்டம் நடைபெறும்போது இவற்றைக் கேளுங்கள்:

• அக்கறையுடையோர் பட்டியல் எழுதப்பட்டுள்ளதா? ஊரில் இல்லாதவர்களும், குத்தகைக்குச் செய்பவர்களும், குடும்பத்தலைவிகளும் அதில் உள்ளனரா?
• வேலையையும் கணக்கையும் பார்வையிட எம்மில் யார்?
• முடிந்தபின் பராமரிப்பது யார், எந்தப் பணத்தில்?

இக்கேள்விகளைக் கேட்பதற்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர், இல்லாத அயலவரின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாலே முதற் செயன்முறை சரியாக நடந்துவிடும்.