பர்த்தியில் இருந்து மின்சாரம்: தண்ணீரின் வேகம்தான் எல்லாம்!

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பையில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இன்றைக்குப் பர்த்தி எத்தனை மணிக்கு?" என்பதுதான். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் கனமழை கொட்டினால் சாக்கடைத் தண்ணீர் கடலுக்குப் போகாது. வீட்டுக்குள் வரும். 2005 ஜூலை 26-ந் தேதியைத் தாராவி, குர்லா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சென்னை, தூத்துக்குடி கடலில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். மும்பையில் அது 5 மீட்டரை நெருங்குவது உண்டு. இன்னும் வடக்கே குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 11 மீட்டர் வரை போகிறது. மூன்று மாடி உயரம்!

இதில் இருந்து மின்சாரம் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடலுக்குக் குறுக்கே அணை கட்டுவது. பிரான்சு நாட்டில் லா ரான்ஸ் என்ற இடத்தில் 1966-ல் 240 மெகாவாட் நிலையத்தை இப்படித்தான் கட்டினார்கள். மற்றொன்று, அணையே இல்லாமல் கடலடியில் டர்பைன்களை வரிசையாக நிறுத்துவது. முப்பந்தலில் காற்றாலை பார்த்திருப்பீர்கள். அதைத் தண்ணீருக்குள் நட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மடங்கு

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு கனமானது. அதனால் மெதுவாக ஓடினாலும் அதற்குப் பலம் அதிகம். ஆனால் வேகம் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்று நினைத்தால் தவறு. எட்டில் ஒரு பங்காகிவிடும்.

காரணம் எளிது. வேகம் இரண்டு மடங்கானால், அதே நேரத்தில் இரண்டு மடங்கு தண்ணீர் கடந்து போகிறது. அதோடு ஒவ்வொரு லிட்டரும் நான்கு மடங்கு சக்தியைச் சுமந்து வருகிறது. இரண்டு நான்கு எட்டு. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் கடல்நீர், ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 14 கிலோவாட் சக்தியைக் கொண்டு வருகிறது. வேகம் ஒன்றரை மீட்டர் என்றால் 2 கிலோவாட்கூட இல்லை. அதிலும் பாதிக்குக் குறைவாகத்தான் டர்பைன் பிடித்துத் தரும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டித் தளர்ந்துவிடும். தினமும் ஏற்றம் இறக்கமாக மாறும் வேளைகளில் தண்ணீர் அசையாமல் நிற்கும். அப்போது மின்சாரமே இல்லை. ஆனாலும் ஒரு வசதி. பத்து வருடம் கழித்துப் பர்த்தி எத்தனை மணிக்கு என்பதை இன்றே கணக்குப் போட்டுவிடலாம். காற்றை அப்படிச் சொல்ல முடியுமா?

முன் வண்டி ஊர்ந்தால்...

லோக்கல் ரயிலில் முன்னால் போகும் வண்டி ஊர்ந்தால் பின்னால் வருவதும் ஊர்ந்துதான் ஆக வேண்டும். கடலடியிலும் இதே கதைதான். முன் டர்பைன் சக்தியை எடுத்துக்கொள்வதால், அதன் பின்னால் தண்ணீர் தளர்ந்து, கலங்கிச் சுழன்று வருகிறது. இந்தத் தளர்ச்சி, டர்பைன் விட்டத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்கூட நீடிக்கும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மின்சாரம் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் பின்வரிசையை முன்வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக நிறுத்துகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் இன்னொரு லாபமும் உண்டு: இடுக்கில் நெருக்குண்ட தண்ணீர் சற்று வேகம் பிடிக்கும்.

அதற்கும் எல்லை இருக்கிறது. டர்பைன்களை அடைத்துக்கொண்டே போனால் ஜலசந்தியின் ஓட்டமே தளர்ந்துவிடும். ஓர் அளவுக்கு மேல் டர்பைன் கூடக் கூட மொத்த மின்சாரம் குறையத்தான் செய்யும் என்பதை, கனடா விஞ்ஞானிகள் கேரட், கம்மின்ஸ் இருவரும் 2005-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஸ்ட்ரோமா தீவை ஒட்டிய ஜலசந்தியில் நான்கு டர்பைன்கள் 2018-ல் முறைப்படி இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 18 மீட்டர் விட்டம், ஒன்றரை மெகாவாட். நீரோட்டம் மிக வேகமான இடமாகப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள்.

நம் நாட்டில்?

காம்பே வளைகுடாவில் 7,000 மெகாவாட், கட்ச் வளைகுடாவில் 1,200 மெகாவாட் எடுக்க வாய்ப்பு உண்டு என்பது அரசு மதிப்பீடு. கட்ச்சில் 50 மெகாவாட் நிலையம் அமைக்க 2011-ல் திட்டமிட்டார்கள். மதிப்பு 750 கோடி ரூபாய். மேற்கு வங்காளத்தில் துர்காதுவானி ஓடையில் போட்ட திட்டம் வெறும் 3.75 மெகாவாட்தான். அதற்கு ஒரு மெகாவாட்டுக்கு 63 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்று கணக்கு வந்தது. செலவுக்கு அஞ்சி இரண்டையும் கைவிட்டார்கள்.

11 மீட்டர் ஏறுகிறது என்பது அணை கட்டுபவருக்குப் போதுமான செய்தி. டர்பைன் நடுபவருக்கு அது போதாது. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எத்தனை மணி நேரம் தண்ணீர் வேகமாக ஓடுகிறது என்று அவர் அளந்து பார்த்தாக வேண்டும். அதோடு காம்பே வளைகுடாவின் தண்ணீர் சேறும் வண்டலுமாக இருக்கும். மணல் திட்டுகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு வேகமாக ஓடும் வாய்க்கால், சில ஆண்டுகளில் தூர்ந்தும் போகலாம்.