வெயில் போடும் மோட்டாரைக் கிணறு நிறுத்தட்டும்

குளத்தூர் மாதிரி கரிசல் ஊரில் சோலார் மோட்டார் வைத்தவர் காலையில் போய் சுவிட்ச் போட வேண்டியதில்லை. வெயில் ஏறினால் தானாக ஓடும். பொழுது சாய்ந்தால் தானாக நிற்கும். இதற்குள் இருக்கும் வேலைப்பாட்டை விவசாயி தெரிந்துகொள்வது நல்லது.

விடிந்து கொஞ்ச நேரத்திலேயே, மங்கல் வெளிச்சத்திலேயே, பேனலின் வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுசாக ஏறிவிடும். ஆனால் ஆம்பியர் இருக்காது. வோல்டேஜை மட்டும் நம்பி மோட்டாரைப் போட்டால், பாரம் விழுந்ததும் வோல்டேஜ் சரியும், மோட்டார் நிற்கும். பாரம் போனதும் மறுபடி ஏறும், மோட்டார் மறுபடி உறுமும். இப்படி விட்டுவிட்டு ஓடினால் மோட்டாருக்குத்தான் சேதம். தெருவிளக்கில் இருக்கிற ஒளி உணரியை மட்டும் மாட்டினாலும் இதே கதைதான்; அதற்கு வெளிச்சம் தெரியும், பலம் தெரியாது. அதனால்தான் பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கண்ட்ரோலர் மோட்டாரை மெல்லச் சுழற்றிப் பார்க்கிறது. பலம் போதாவிட்டால் நிறுத்தி, சில நிமிஷம் பொறுத்து மறுபடி முயல்கிறது. மேகம் கடக்கும்போதும் அப்படியே.

கரண்டுக்காக இந்தப் பக்கம் பட்ட பாடு கொஞ்சமல்ல. இடைசெவல் கி.ராஜநாராயணனின் 'கரண்ட்' சிறுகதை 1992இல் இந்தியில் படமானது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் போராட்டம் தொடங்கிய விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு, 1984 டிசம்பரில் உயிர்விட்டது கோவில்பட்டியில். 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆனாலும் மும்முனைக் கரண்ட் பகலில் சில மணி, ராத்திரியில் சில மணி என்று வந்ததால், பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்துகொண்டே டார்ச் லைட்டோடு கிணற்றுக்குப் போனார்கள். அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடும். வயலுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று அது கேட்காது. தெலங்கானாவில் 2018 ஜனவரி 1 முதல் 24 மணி நேர இலவச மின்சாரம் கொடுக்கும் முன்பே, நிலத்தடி நீர் வற்றிவிடும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர்களைக் கழற்றச் சொல்லி அரசே விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது.

சோலார் மோட்டாரும் ஒரு வகையில் ஆட்டோ ஸ்டார்ட்டர்தான். ராத்திரி ஓடாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் கரிசலில் மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வெயில் குறைவு, தண்ணீரும் அவ்வளவாகத் தேவைப்படாது. பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தும். கிணற்றில் ஊற்று சுண்டியிருக்கும். மோட்டார் அதிக நேரம் ஓடத் தயாராக இருப்பது, கிணற்றில் தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் மாதங்களில்! எனக்கு இதுதான் பெரிய கவலை. நீர்மூழ்கி மோட்டார் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரில்தான் சூடு ஆறுகிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் கருகிவிடும்.

2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் 7.5 குதிரைத்திறன் வரையிலான மோட்டாருக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம் என்று மானியம் வகுத்தார்கள். தமிழ்நாட்டில் இதை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. 5 குதிரைத்திறனுக்கு 4,800 வாட் பேனல் என்பது அரசின் அளவுகோல். காட்டில் உளுந்தும் பாசியும் எடுத்தபின் அவ்வளவு பேனலும் சும்மா நிற்கும். தீவனம் நறுக்கவும் மாவு அரைக்கவும் அதே மின்சாரத்தைத் திருப்பிவிடும் கண்ட்ரோலர் உண்டு. ஆடு, மாடு வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

எதை வாங்கினாலும், பல கண்ட்ரோலர்களில் இரண்டு இணைப்பு முனைகள் இருக்கும். ஒன்று தொட்டியோ பண்ணைக்குட்டையோ நிறைந்ததும் நிறுத்தும் மிதவைக்கு. மற்றது கிணற்றில் நீர்மட்டம் இறங்கினால் நிறுத்தும் உணரிக்கு. உணரி மாட்டாமல் சின்ன ஒயர்த் துண்டால் அந்த முனைகளை இணைத்துவிட்டாலும் மோட்டார் ஓடும், தண்ணீரும் வரும்; ஆனால் நிறுத்த வேண்டிய நேரத்தில் நிற்காது. பொருத்த வருகிறவர்களிடம் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உணரி கிணற்றுக்குள், மோட்டாருக்கு மேலே தொங்குகிறதா என்று பாருங்கள். மிதவையைக் கையால் தூக்கி மோட்டார் நிற்கிறதா என்று சோதியுங்கள். அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.