98 நாள் விடுப்பு உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா?

தாய்மார்களே, தகப்பன்மார்களே!

அரசாங்கம் ஒரு சட்டத்தைத் திருத்தினால், அதனால் நமக்கு லாபமா நஷ்டமா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? தாயின் உடம்பையும், பிள்ளையின் பாலையும், சம்பளச் சீட்டையும் வைத்துத்தான் பார்க்கணும்.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு 98 நாளாயிற்று.

முதலில் தாயின் உடம்பு. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறக்குறைய 6 வாரம் பிடிக்கும். முன்பு, பிரசவத்துக்கு 30 நாள் முன்னதாக விடுப்பு எடுத்தவளுக்குப் பிள்ளை பிறந்தபின் மிஞ்சியது 30 நாள்தான். உடம்பு தேறுமுன்னே பால் வாளி தூக்கணும். இப்போது அவளுக்கு 68 நாள் மிஞ்சும். இது லாபம்.

அடுத்தது பிள்ளை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 98 நாள் என்றால் 14 வாரம். 6 மாதம் என்றால் 26 வாரம். குறைகிற 12 வாரத்துக்கு நாம்தான் வழி செய்யணும். பாலைப் பீச்சி, கொதிக்க வைத்த மூடிப் பாத்திரத்தில் ஊற்றி ஐஸ்பெட்டியில் வையுங்கள். 4 நாள் கெடாது. நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்காதீர்கள்.

மூன்றாவது சம்பளம். பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் குறைந்தது 90 நாளும், கடைசி 4 மாதத்தில் ஏதாவது ஒரு சமயமும் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்கணும். ஏற்கெனவே 5 பிள்ளைகள் இருந்தால் விடுப்பு உண்டு, சம்பளம் இல்லை. பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்குத்தான் இங்கே இடி.

தகப்பனுக்கும் 7 நாள் சம்பள விடுப்பு உண்டு. கல்யாணமானவராக, அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்தவராக இருக்கணும். 30 நாள் முன்பே தெரிவிக்கணும். அது தவறணைக்கு அல்ல. வெந்நீர் காய்ச்சவும் துணி துவைக்கவும்!

பிரசவத்துக்கு 60 நாள் இருக்கும்போதே கிராணியிடம் எழுத்தில் கொடுங்கள். நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். சம்பளத்தில் ஒரு நாள் குறைந்தாலும் சும்மா இருக்காமல் தோட்டக் கமிட்டியிடம் வாருங்கள். சட்டம் எழுதியாகிவிட்டது, அதை வீடு கொண்டுவந்து சேர்ப்பது நம் வேலை.