முதுகிற் சுமக்கும் வீடு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதன என்பர் பெரியோர். மலைப் பிரயாணஞ் செய்ய விரும்புவோன் இம்மூன்றையும் தன் முதுகிலேயே சுமந்து செல்ல வேண்டியவனாகிறான். அவற்றுள் உணவு நாடோறும் குறையும். உடை உடலின்மேல் ஏறிக்கொள்ளும். உறையுளாகிய கூடாரமோ புறப்பட்ட நாள்முதல் திரும்பும் நாள்வரை ஒரே பாரமாய்த் தோளை அழுத்திக்கொண்டிருக்கும். ஆதலால், கூடாரம் வாங்கப் புகுவோர் முதற்கண் கேட்கும் கேள்வி, "எடை எவ்வளவு?" என்பதே. அக்கேள்வி தவறன்று, ஆயினும் அது பாதிக் கேள்வியே என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

சுமந்து செல்லும் வீடு எம் ஊராகிய மூலனூருக்குப் புதிதன்று. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளில், வெள்வேல மர நிழலில் ஆடுகள் மேய்வதை எம் ஊர்ப்புறத்தில் எங்கும் காணலாம். பட்டி காப்போர், பட்டி இடம் மாறுந்தோறும் படல்களையும், தாம் படுக்கும் சிறு குடிசையையும் பெயர்த்தெடுத்துச் செல்வர். அக்குடிசை சிறியது, தூக்கிச் செல்லத்தக்க எடையினது. ஆயினும், எடையைக் குறைக்கவேண்டி அதன் கூரையைப் பாதியாக வெட்டிய பட்டிக்காரர் எவரையும் யாம் கண்டதில்லை. இச்சிறு உண்மையை மறந்தமையால் யாம் ஓரிரவு பட்ட பாட்டை முதலிற் கூறுதல் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், மாணவர் அறுவர் கொடைக்கானல் மலைக்குச் சென்று, தோட்டக்காரர் ஒருவரின் அனுமதி பெற்று, அவர் நிலத்தில் இரண்டு கூடாரங்களை அடித்துத் தங்கினோம். இரண்டும் மூவர் படுக்கத்தக்கவை. ஒன்று இரவலாகப் பெற்ற பழைய கூடாரம். மற்றொன்று கடையிற் புதிதாக வாங்கியது. பழையதைவிட 600 கிராம் எடை குறைந்தது. அக்குறைவைக் கண்டு யாம் பெரிதும் மகிழ்ந்தோம். நள்ளிரவில் காற்றுடன் சாரல் பெருகியது. புதிய கூடாரத்தின் மேல்விரிப்பு, தலைக்கு இட்ட தொப்பிபோல் உச்சியை மட்டுமே மூடியிருந்தமையால், சாய்ந்து பெய்த மழை பக்கத்துணி வழியே உள்ளே புகுந்தது. கண்ணாடி இழையாலான கழி ஒன்று பிளந்தது. படுக்கைகள் நனைந்தன. நண்பர் ஒருவர் நெடுநேரம் நடுங்கிப் பின் நாக்குழறலானார். உடலின் வெப்பம் அளவுக்கு மீறிக் குறைவதற்கு அஃது அறிகுறி என்பதை எம்முள் ஒருவர் அறிந்திருந்தது எம் நற்பேறு. அவரைப் பழைய கூடாரத்திற்கு எடுத்துச் சென்று, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடை உடுத்தி, இருபுறமும் இருவர் அணைந்திருந்து காத்தோம். பொழுது விடியும்வரை அறுவரும் அவ்வொரு கூடாரத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

காலையில் இரு கூடாரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அந்த 600 கிராம் எங்கே போயிற்று என்பது விளங்கிற்று. மேல்விரிப்பைப் பாதியாக்கியதனாற் குறைந்த எடை அது. எடையைக் குறைத்தல் வேறு; காப்பைக் குறைத்தல் வேறு. ஒவ்வொரு கிராமும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டறிந்து, வேலையற்ற கிராமை மட்டும் நீக்குவதே இலேசான கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கும் கலையாகும்.

இக்கலை திருப்பூர்ச் சீமையார்க்குக் கடினமானதன்று. துணியின் தன்மையை எடைகொண்டு அளப்பது இப்பக்கத்தாருக்குப் பழகிய வித்தை. ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமிற் கூறும் ஜி.எஸ்.எம். என்னும் கணக்கு இங்கே பனியன் கம்பெனி வாயிற்காப்போனும் அறிந்தது. கூடாரத் துணிக்கும் இதே கணக்குத்தான். நாம் அணியும் பின்னலாடைத் துணி சாதாரணமாக 140 முதல் 180 ஜி.எஸ்.எம். வரை இருக்கும். நல்ல இலேசான கூடாரத்தின் மேல்விரிப்போ சுமார் 50 ஜி.எஸ்.எம். மட்டுமே. நூலின் பருமனைக் குறிக்க டெனியர் என்பர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் உள்ளதோ அத்தனை டெனியர். 20 டெனியர் இழையால் நெய்தது மேல்விரிப்புக்குப் போதும். கல்லும் முள்ளும் உராயும் அடித்துணிக்கு அதனினும் தடித்த இழை நல்லது.

பின்னல் துணி கூடாரத்தின் கூரைக்கு உதவாது. அது கண்ணி கண்ணியாகக் கோத்தது, இழுத்தால் நீளும், கண்ணிகளினூடே நீர் புகும். பாவும் ஊடையும் நெருங்க நெய்த துணியே மழையைத் தாங்கும். பின்னலுக்கு உரிய இடம் கூடாரத்தின் உட்புறம். அங்கே காற்றை விட்டுக் கொசுவைத் தடுக்கும் வலை அதுவே. எமக்கு அடுத்த கரூரில் கொசுவலை நெய்வோர் இதனை நன்கறிவர்.

முற்காலத்துப் பிரயாணிகள் பருத்தியையும் பட்டையும் நம்பியிருந்தனர். 1865-இல் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதல் ஏறிய எட்வர்டு விம்பர் என்னும் ஆங்கிலேயர் அமைத்த கூடாரம் சுமார் 23 பவுண்டு எடையுள்ளது. அதாவது பத்துக் கிலோவுக்கு மேல். அவருக்குப் பின் வந்த ஆல்பர்ட் மம்மரி என்பார் பட்டுத் துணியாற் சிறு கூடாரம் அமைத்து, தாம் எப்படியும் கையிற் கொண்டு செல்லும் பனிக்கோடரிகளையே அதற்குக் கழிகளாக நிறுத்தினார். ஒரு பொருளை இரு வேலைக்குப் பயன்படுத்தி எடையைக் குறைத்த அவருடைய யுக்தியே, ஊன்றுகோல்களைக் கழியாகக் கொள்ளும் இக்காலக் கூடாரங்களிலும் காணப்படுகின்றது. மம்மரி 1895-இல் நங்க பர்வதத்தில் மாண்டார். நாற்பதாண்டு கழித்து, 1935-இல், அமெரிக்க இரசாயன அறிஞர் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டபின், பருத்தியின் பாரமும் பட்டின் விலையுமின்றி வலிய துணி நெய்ய வழி பிறந்தது.

இன்று கடையிற் கிடைக்கும் துணிகள் முக்கியமாக மூவகை. நைலான் வலியது, எளிதிற் கிழியாது; ஆனால் நீரை உறிஞ்சி நீளுமாதலால், மழையில் தளர்ந்து தொங்கும்; படுக்குமுன் கயிறுகளை மீண்டும் இறுக்கவேண்டும். பாலியெஸ்டர் சற்றே வலிமை குறைந்தது. எனினும் மழையில் அத்துணை தளராது, வெயிலையும் நன்கு தாங்கும். டைனீமா எனப்படும் இழையைக் கொண்டு ஆக்கிய துணி நைலானிலும் எடை குறைந்தது; நீளாது; ஆயின் அதன் விலை மாணவர்க்கு எட்டாதது.

துணியின்மேல் இடும் பூச்சையும் நோக்கவேண்டும். பாலியூரித்தேன் பூச்சு மலிவானது. தையல்களை நாடாவால் ஒட்டி நீர்புகாமற் செய்யவும் ஏற்றது. ஆனால் வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் நெடுநாள் மடித்து வைத்தால் பிசுபிசுத்து உரிந்து துர்நாற்றம் வீசும். சிலிக்கோன் பூச்சு நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன்மேல் நாடா ஒட்டாது. தையல்தோறும் சிலிக்கோன் பசையை நாமே தடவவேண்டும். நீர் தாங்கும் ஆற்றலை மில்லிமீட்டரில் குறிப்பர். துணியின்மேல் நீரை உயர்த்திக்கொண்டே சென்று, மூன்று இடங்களில் துளி கசியும்போது உள்ள நீரின் உயரமே அவ்வெண். மேல்விரிப்புக்கு 1,200 முதல் 3,000 வரை இருப்பது வழக்கம். நம் உடற்பாரம் அழுத்தும் அடித்துணிக்கு மேலெண்ணையே நாடுக.

இனி ஒருவர்க்குரிய கூடாரத்தின் எடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேல்விரிப்பு 8 சதுர மீட்டர், 50 ஜி.எஸ்.எம்., ஆகவே 400 கிராம். அடித்துணி 3 சதுர மீட்டர், 70 ஜி.எஸ்.எம்., 210 கிராம். உள்வலையும் அதனைச் சார்ந்த துணியும் 5 சதுர மீட்டர், 30 ஜி.எஸ்.எம்., 150 கிராம். அலுமினியக் கழிகள் 350 கிராம். முளைகள் பத்து, ஒன்று 12 கிராம் வீதம் 120. கயிறும் பையும் 100. ஆக மொத்தம் 1,330 கிராம். இக்கணக்கைக் கையில் வைத்திருப்போர், இருவர் கூடாரம் 800 கிராம் என்று ஒருவர் விளம்பரஞ் செய்தால், எப்பகுதியைக் குறைத்தார் என்று உடனே கேட்பர். ஊன்றுகோலைக் கழியாகக் கொள்வதாற் குறைந்ததாயின் நன்று. கழிக்குரிய 350 கிராம் வேலையிழக்காமலே நீங்குகிறது. மேல்விரிப்பைக் குறுக்கியதாற் குறைந்ததாயின் வேண்டா. முளைகளையும் கயிற்றையும் சேர்க்காமல் எடை கூறும் விளம்பரங்களும் உண்டு. ஆதலின் எல்லாவற்றையும் பையிலிட்டு நம் கண்முன்னே தராசில் நிறுத்துப் பார்த்தலே முறை.

மழைக்கு அடுத்தபடியாக நம் மூச்சையும் எண்ணவேண்டும். உறங்குவோன் ஓரிரவில் மூச்சாலும் வேர்வையாலும் ஏறத்தாழ ஒரு தம்ளர் நீரை வெளியிடுகிறான். அந்நீராவி குளிர்ந்த துணியிற் பட்டுத் துளித்து, விடியற்காலையில் நம்மேலேயே சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று பலர் கூறுவது உண்மையில் இதுவே. உள்ளே வலையும் வெளியே மேல்விரிப்புமாக இரண்டு அடுக்கு உள்ள கூடாரத்தில், துளிகள் மேல்விரிப்பின் உட்புறமாக வழிந்து தரைக்குப் போய்விடும். ஓரடுக்குக் கூடாரம் எடை குறைந்ததே. ஆனால் ஈரக்காற்று மிகுந்த நம் மேற்கு மலைகளுக்கு இரண்டடுக்கே தக்கது. வால்பாறைப் பக்கம் செல்வோர்க்கு அட்டைகளின் தொல்லையும் உண்டாதலால், அடித்துணி நாற்புறமும் ஒரு சாணளவு மேலெழுந்து வலையோடு தைக்கப்பட்டிருத்தல் அவசியம். மேல்விரிப்பின் கீழ்க் காற்று நுழைய இடைவெளியும், உச்சியில் ஒரு துளையும் இருத்தல் நலம்.

கழி அலுமினியமாயின் வளையும்; மலையிலேயே நிமிர்த்திக்கொள்ளலாம். கண்ணாடி இழைக்கழி பிளந்தால் சிம்புகள் கையிற் குத்துவதோடு துணியையும் கிழிக்கும். முளையடிக்க முடியாத பாறைத்தரையில், தானே நிற்கும் குவிமாடக் கூடாரம் எளிது. ஊன்றுகோற் கூடாரமோ முளையின்றி நில்லாது. கயிற்றைக் கற்களிற் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். சேறான புல்வெளியில் மெல்லிய ஊசிமுளை பிடிக்காது. நீண்டு அகன்ற முளைகள் வேண்டும்.

வாங்கிய கூடாரத்தை மலையில் முதன்முதல் விரிப்பது அறிவுடைமையன்று. இதில் மூலனூரார்க்கு ஒரு வசதி உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று எம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை நாங்கள் கண்ணாற் கண்டவர்கள். ஆகவே ஆடி மாதத்தில் அறுவடையான காட்டில் கூடாரத்தை அடித்து ஓரிரவு படுத்துப் பாருங்கள். காற்று தானே வந்து சோதிக்கும். மழைதான் எம் ஊரில் அரிது. அதற்கு நண்பர் இருவர் குடங்குடமாய் நீரை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வீசட்டும். யாம் அன்று இதனைச் செய்திருந்தால், தொப்பி விரிப்பின் குறையை எம் ஊர்க்காட்டிலேயே கண்டிருப்போம். நண்பரும் மலையில் நடுங்கியிருக்கமாட்டார்.

கூடாரம் எதனைத் தடுக்காது என்பதையும் சொல்லவேண்டும். அது யானையைத் தடுக்காது, தீயையும் தடுக்காது. நைலானும் பாலியெஸ்டரும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அன்றியும், மூடிய கூடாரத்தினுள் அடுப்பெரித்தால் விஷப்புகை உயிரைக் கவரும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் பலர் மாண்டனர். அவ்வாண்டிலேயே அரசாங்கம் மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டிற் புகுந்து இராத்தங்குதல் குற்றமாகும். அனுமதியுள்ள இடத்திலும், உரியவர் இசைந்த நிலத்திலுமே கூடாரம் அடிக்கப்படவேண்டும்.

திரும்பி வந்ததும் கூடாரத்தை நிழலில் நன்கு உலர்த்தி, இறுக மடியாமல் தளர்வாகப் பையிலிட்டு வைத்தால் அது பல ஆண்டு உழைக்கும். ஈரமாக மூட்டை கட்டி வைத்தது மறுமுறை மழையைத் தாங்காது.

எம் நண்பர் அதன்பின் நலமே தேறினார். இப்பொழுதும் எம்முடன் மலைக்கு வருகிறார். அன்று முதல் யாம் சுமக்கும் கூடாரம் அந்தப் புதியதைவிட 600 கிராம் கூடுதலானது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அப்பாரம் தோளில் தெரியத்தான் செய்கிறது. இரவில் மழை தொடங்கியபின் அறுவரில் ஒருவரும் அதனைப் பற்றிக் குறை கூறியதில்லை.