நடந்து போகும் வேகத்தில் ஒரு படகுப் பயணம்

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் லண்டனில் பாலத்தையும் அரண்மனையையும் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். அந்நாட்டு மக்களில் பலரோ கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஒரு படகை வாடகைக்கு எடுத்து, வாரக் கணக்கில் கால்வாயிலேயே குடியிருக்கிறார்கள். சமையல், குளியல், உறக்கம் எல்லாமே படகில்தான்.

இதற்கு 'நேரோபோட்' என்று பெயர். அகலம் ஏறக்குறைய 7 அடி. நீளமோ 70 அடி வரை போகும். பேருந்தைவிட ஒடுக்கம், ஆனால் அதைவிட நீளம்! ஏன் இந்த விநோத வடிவம்?

மான்செஸ்டர் நகருக்கு நிலக்கரி கொண்டுசெல்ல வெட்டப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761-இல் திறக்கப்பட்டது. அதன் இலாபத்தைக் கண்டு மற்றவர்களும் கால்வாய் வெட்டினார்கள். மேட்டு நிலத்தில் படகை ஏற்ற, இரு முனையிலும் கதவு வைத்த தொட்டிகளைக் கட்டினார்கள். அதுதான் 'லாக்'. படகை உள்ளே விட்டு, கீழ்க்கதவை அடைத்து, மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் நீரோடு படகும் உயரும். நிரம்பியதும் மேல்கதவு வழியாகப் போய்விடலாம். பெரும்பாலான இடங்களில் கதவைத் தள்ளுவது பயணிகளேதான். செலவையும் தண்ணீரையும் மிச்சப்படுத்த, பல லாக்குகளை ஒடுக்கமாகக் கட்டினார்கள். அதற்கேற்பப் படகும் ஒடுங்கியது.

இறங்கும்போது கவனம் தேவை. மேல்கதவின் அடியில் உள்ள கல்திட்டில் படகின் பின்பகுதி மாட்டிக்கொண்டால், நீர் வடிய வடியப் படகு சாய்ந்து மூழ்கிவிடும். ஆகவே ஒருவருடைய கண் எப்போதும் படகின் மீதே இருக்க வேண்டும். டிவைசஸ் ஊரில் மட்டும் 29 லாக்குகள் உள்ளன. அவற்றில் 16 ஒரே மேட்டில் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றையும் கடக்க அரை நாளாவது பிடிக்கும்.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். மீறினால் அலை எழும்பிக் கரையை அரித்துவிடும். நொடிக் கணக்குப் பார்த்துப் பேசும் என் போன்ற தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது நல்ல மருந்துதான்!

இன்று ஓய்வுக்காகப் போகும் இதே கால்வாயில் ஒரு காலத்தில் குடும்பங்கள் சரக்கு ஏற்றிப் பிழைத்தன. படகின் பின்புறம் சுமார் 10 அடி அறையில் தாய், தந்தை, குழந்தைகள் அனைவரும் அடங்கினார்கள். ஓரிடத்தில் தங்காததால் பிள்ளைகளின் படிப்பு பாழானது. இரயிலும் லாரியும் வந்து நசிந்துகொண்டிருந்த அந்தத் தொழிலை, 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக் கணக்கில் உறைந்து ஏறக்குறைய முடித்துவைத்தன. கைவிடப்பட்ட பல கால்வாய்களைப் பின்னர் தொண்டூழியர்கள் சேறு அள்ளி மீட்டார்கள். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 2,000 மைல் நீர்வழியை ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது.

அதற்குப் பெருங்கவலை தண்ணீர். ஒரு லாக்கை ஒருமுறை பயன்படுத்தினால் 100,000 லிட்டருக்கும் மேல் கீழே போய்விடும். 2025 வறட்சியில் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயின் பகுதிகளையே மூட வேண்டியதாயிற்று. அதனால்தான் எதிரே படகு வந்தால் காத்திருந்து, அதே நீரில் மாறிப் போகச் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் மாதமே சிறந்தது. நெரிசல் குறைவு, கரையோரப் புதர்களில் கருநாவல் போன்ற பிளாக்பெர்ரி பழுத்திருக்கும். நவம்பர் பிறந்தால் பழுதுபார்ப்பு வேலைக்காகப் பல லாக்குகளை மூடிவிடுவார்கள். முன்பதிவுக்கு முன், எது மூடியிருக்கிறது என்று அறக்கட்டளையின் அகப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.